பெட்டியை நம்பாதீர்கள்; பிரதியை நம்புங்கள்!

கம்ப்யூட்டர் வாங்கிய எல்லோருக்கும் ஓராண்டுக்குள் ஒரு பிரச்னை வந்துவிடுகிறது. இடம் போதவில்லை. மொபைல் போனில் எடுத்த போட்டோக்கள், கல்யாண வீடியோக்கள், பிள்ளைகளின் பள்ளி ஆண்டு விழா என்று எல்லாம் சேர்ந்து ஹார்ட் டிஸ்க்கை நிரப்பிவிடுகின்றன. முன்பு கூகுள் போட்டோஸில் அளவில்லாமல் இலவசமாகப் போட்டு வைத்தோம். 2021 ஜூன் 1 முதல் அந்தச் சலுகை இல்லை. இப்போது இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி மட்டுமே. அதிலும் மெயிலுக்குப் பங்கு உண்டு.

இந்த நேரத்தில்தான் கடைக்காரர் ஒரு பெட்டியைக் காட்டுகிறார். நெட்வொர்க் அட்டாச்டு ஸ்டோரேஜ், சுருக்கமாக நாஸ். வீட்டு வைஃபை ரவுட்டரில் இணைத்துவிட்டால் கம்ப்யூட்டர், மொபைல், டிவி எல்லாமே இதிலிருந்து பைல்களை எடுத்துக் கொள்ளலாம். "இதில் போட்டுவிட்டால் கவலையே இல்லை சார்" என்று சொல்லி விற்கிறார்கள்.

நாஸ் நல்ல சாதனம்தான். வாங்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. "கவலையே இல்லை" என்பதைத்தான் நம்ப வேண்டாம் என்கிறேன். நாஸ் என்பது பைல்களை வைக்கும் இடம். பைல்களின் பாதுகாப்பு என்பது வேறு விஷயம். இந்த வேறுபாடு தெரியாமல் பெட்டியை வாங்குபவர்கள், அது நின்றுபோகும் நாளில்தான் அதைக் கற்றுக்கொள்கிறார்கள்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

நாஸ் என்பது மானிட்டரும் கீபோர்டும் இல்லாத ஒரு சிறிய கம்ப்யூட்டர். ஒரு போர்டு, கொஞ்சம் மெமரி, பெரும்பாலும் லினக்ஸ் அடிப்படையிலான ஒரு ஆப்பரேட்டிங் சிஸ்டம், ஒன்றோ இரண்டோ நான்கோ ஹார்ட் டிஸ்க்குகள், வெளியே ஒரு பவர் அடாப்டர். இவற்றில் எது கெட்டாலும் நமக்குத் தெரிவது ஒன்றுதான்: "பெட்டி வேலை செய்யவில்லை". ஆனால் எது கெட்டது என்பதைப் பொறுத்தே உங்கள் டேட்டாவின் தலையெழுத்து இருக்கிறது.

அடாப்டர் போயிருந்தால் பிரச்னையே இல்லை. அதே வோல்ட், அதே அளவோ கூடுதலோ ஆம்பியர், அதே முனை அமைப்பு உள்ள வேறு அடாப்டர் போதும். போர்டு போயிருந்தாலும் டிஸ்க்குகள் நன்றாகவே இருக்கலாம். 2017-ல் இன்டெல் நிறுவனத்தின் ஆட்டம் சி2000 வகை பிராசசர்களில் ஒரு குறை தெரிய வந்தது. சினாலஜி நிறுவனத்தின் சில நாஸ் மாடல்களிலும் அந்த பிராசசர் இருந்தது. குறை தாக்கிய பெட்டிகள் திடீரென்று உயிர் பெறாமல் போயின. உள்ளே இருந்த டிஸ்க்குகளுக்கும் இந்தக் குறைக்கும் சம்பந்தமே இல்லை.

ஆகவே பெட்டி நின்றது என்றால் டேட்டா போய்விட்டது என்று அர்த்தம் இல்லை. பல நேரங்களில் டேட்டா போவது அதற்குப் பிறகு நாம் செய்யும் "ரிப்பேரில்"தான்.

இரண்டு டிஸ்க் என்றால் இரண்டு பிரதியா?

"என் பெட்டியில் ரெய்டு இருக்கிறது" என்று சிலர் தைரியமாகச் சொல்வார்கள். ரெய்டு என்பது பல டிஸ்க்குகளைச் சேர்த்து இயக்கும் முறை. வீட்டு நாஸ்களில் இரண்டு வகை அதிகம். ரெய்டு 1 என்றால் ஒரு டிஸ்க்கில் எழுதுவதை மற்றதிலும் அப்படியே எழுதும். ஒன்று கெட்டால் இன்னொன்று காப்பாற்றும். ரெய்டு 0 என்றால் இரண்டின் இடத்தையும் சேர்த்து ஒரே பெரிய டிஸ்க்காகக் காட்டும். இதில் ஒன்று கெட்டாலும் மொத்தமும் போச்சு. உங்கள் பெட்டி எந்த வகையில் இருக்கிறது என்பதை இன்றே செட்டிங்ஸில் போய்ப் பாருங்கள்.

ரெய்டு 1 காப்பாற்றுவது டிஸ்க் கெடுவதில் இருந்து மட்டும். நீங்கள் ஒரு போல்டரைத் தவறுதலாக டெலீட் செய்தால் அது இரண்டு டிஸ்க்கிலும் அதே நொடியில் டெலீட் ஆகும். வைரஸ் பூட்டினால் இரண்டும் பூட்டப்படும். 2021 ஏப்ரலில் கியூனாப் நாஸ்களைத் தாக்கிய கியூலாக்கர் என்ற ரான்சம்வேர், பைல்களை பாஸ்வேர்டு போட்ட 7-ஜிப் பைல்களாக மாற்றிவிட்டு 0.01 பிட்காயின் கேட்டது. எத்தனை டிஸ்க் வைத்திருந்தாலும் அப்போது பயன் இல்லை.

2021 ஜூனில் நடந்தது

இதற்கெல்லாம் பெரிய பாடம் வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனத்தின் மை புக் லைவ். 2010-ல் விற்பனைக்கு வந்த வீட்டு நாஸ் இது. 2015-க்குப் பிறகு அதற்கு அப்டேட் எதுவும் தரப்படவில்லை. ஆனால் பெட்டிகள் வீடுகளில் ஓடிக்கொண்டுதான் இருந்தன. வேலை செய்யும் பொருளை யார் தூக்கிப் போடுவார்கள்?

2021 ஜூன் 23, 24 தேதிகளில் உலகின் பல நாடுகளில் இதன் உரிமையாளர்கள் தங்கள் பெட்டியைத் திறந்தபோது போல்டர்கள் எல்லாம் காலியாக இருந்தன. பல ஆண்டு போட்டோக்கள் ஒரே இரவில் காணோம். இன்டர்நெட் வழியாக யாரோ அந்தப் பெட்டிகளுக்கு "பேக்டரி ரீசெட்" கட்டளை அனுப்பியிருந்தார்கள். இப்படிக் கட்டளை வந்தால் பாஸ்வேர்டு கேட்க வேண்டிய புரோகிராம் வரிகள் 2011-ல் செய்த ஒரு மாற்றத்தின்போது செயல்படாதபடி விடப்பட்டிருந்தன என்று பின்னர் தெரிந்தது. நிறுவனம் பெட்டிகளை இன்டர்நெட்டில் இருந்து துண்டிக்கச் சொன்னது. பாதிக்கப்பட்டவர்களுக்கு டேட்டா ரெக்கவரி சேவை தருவதாகவும் அறிவித்தது.

நான் சாஃப்ட்வேர் எழுதிப் பிழைப்பவன். அந்தச் செய்தியில் என்னை உலுக்கியது, டிஸ்க் எதுவும் கெடவில்லை என்பதுதான். கரன்ட் போகவில்லை, இடி விழவில்லை. சில வரி புரோகிராம் போதுமாக இருந்தது.

அதன் பிறகு மீட்க முயன்றவர்களுக்கு இன்னொரு சிக்கல். அந்தப் பெட்டியின் டிஸ்க்கைக் கழற்றிச் சாதாரண கம்ப்யூட்டரில் மாட்டினால், லினக்ஸ்கூட அதை நேரடியாகத் திறக்கவில்லை. அதில் டேட்டா எழுதப்பட்ட பிளாக் அளவு 64 கேபி. நம் கம்ப்யூட்டரில் உள்ள லினக்ஸ் அப்போது ஏற்றுக்கொண்டது 4 கேபி வரைதான். தனி சாஃப்ட்வேர் வேண்டியிருந்தது. பெட்டிக்குப் பெட்டி உள்ளே இருக்கும் ஏற்பாடு வேறு. "டிஸ்க்கைக் கழற்றி மாட்டினால் வந்துவிடும்" என்று யாராவது சொன்னால் இதை நினைவில் கொள்ளுங்கள்.

எங்கள் ஊரில் நடந்தது

எனக்குச் சொந்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். வேலை சென்னையில். ஊரில் ஸ்டுடியோ வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவரின் நாஸ், இடி மழை பெய்த ஓர் இரவுக்குப் பிறகு உயிர் பெறவில்லை. நான்கு ஆண்டுக் கல்யாண வீடியோக்கள், ஆடிப்பூரத் தேரோட்டத்தின் பதிவுகள் எல்லாம் அதில். இரண்டு டிஸ்க், ரெய்டு 1. போனில் அவர் கேட்ட முதல் கேள்வி, "தம்பி, டிஸ்க் ரெண்டு இருக்கே, அப்புறம் எப்படிப் போகும்?"

அதற்குள் ஒரு டிஸ்க்கை யாரோ அருகில் இருந்த சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். விண்டோஸில் மாட்டியதும், டிஸ்க்கைப் பயன்படுத்த வேண்டுமானால் முதலில் பார்மட் செய்ய வேண்டும் என்று செய்தி வந்திருக்கிறது. லினக்ஸ் முறையில் எழுதிய டிஸ்க்கை விண்டோஸால் படிக்க முடியாது. படிக்க முடியவில்லை என்பதை அது அப்படித்தான் சொல்லும். கடையில் இருந்தவர் அதை நம்பி பார்மட் கொடுத்துவிட்டார். அதுவும் "குயிக் பார்மட்" டிக்கை எடுத்துவிட்டு, சுத்தமாக இருக்கட்டும் என்று முழு பார்மட். விண்டோஸ் விஸ்டா முதல், முழு பார்மட் என்றால் டிஸ்க் நெடுகப் பூஜ்யங்கள் எழுதப்படும். எழுதியதன் மேல் எழுதிவிட்டால் பிறகு எந்த லேபாலும் எடுக்க முடியாது.

நல்லவேளையாக இரண்டாவது டிஸ்க் பெட்டிக்குள்ளேயே இருந்தது. நான் ஊருக்குப் போய் அதைக் கழற்றி, லினக்ஸ் பென் டிரைவில் பூட் செய்து, டிடி ரெஸ்க்யூ மூலம் ஒரு புது டிஸ்க்கில் நகல் எடுத்தேன். ஓர் இரவும் அடுத்த நாள் பகலும் ஓடியது. டிஸ்க்கில் சில இடங்கள் படிக்க முடியாதவையாக இருந்தன. மற்ற எல்லாம் வந்துவிட்டன. தேரோட்டம் வந்தது.

ஒரு கல்யாண வீடியோ மட்டும் திறக்கவில்லை. அந்தக் கல்யாணம் முடிந்த ஆறாம் மாதம் பெண்ணின் அப்பா தவறிவிட்டார். அந்த வீட்டுக்காரர்கள் இன்னொரு காப்பி கேட்டுத்தான் அந்த வாரம் ஸ்டுடியோவுக்கு வந்திருந்தார்கள். அண்ணாச்சி போனில் சொல்லாமல் நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். முதல் டிஸ்க்கில் அந்தப் பைல் முழுதாக இருந்திருக்கும். அது இடியில் போகவில்லை, பார்மட்டில் போனது.

பெட்டி நின்றுவிட்டால்...

வேண்டியதில்லை என்று நினைத்தாலும் இந்தப் பகுதியைப் படித்து வையுங்கள்.

1. முதலில் பவரை நிறுத்துங்கள். மீண்டும் மீண்டும் ஆன் செய்து பார்க்காதீர்கள். கெட்டுக்கொண்டிருக்கும் டிஸ்க் ஒவ்வொரு முறை சுழலும்போதும் இன்னும் கெடும்.

2. டிஸ்க்கில் இருந்து "டக் டக்" என்று சத்தம் வந்தால் அத்துடன் நிறுத்திக்கொள்ளுங்கள். டிஸ்க்கின் உள்ளே படிக்கும் ஹெட், தட்டின் மேல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. தூசி பட்டாலே ஆபத்து. வீட்டில் திறந்து பார்ப்பது, பிரிட்ஜில் வைப்பது எல்லாம் வேண்டாம்.

3. பின்னால் இருக்கும் ரீசெட் பட்டனை அழுத்தாதீர்கள். சில மாடல்களில் அது பாஸ்வேர்டை மட்டும் மாற்றும். சிலவற்றில் அதற்கு மேலும் செய்யும். உங்கள் மாடலின் கையேட்டைப் பார்க்காமல் தொட வேண்டாம்.

4. டிஸ்க்குகளைக் கழற்றும் முன் எது முதல் இடம், எது இரண்டாம் இடம் என்று ஒட்டி வையுங்கள். ரெய்டில் வரிசை முக்கியம்.

5. விண்டோஸில் மாட்டியதும் பார்மட் செய்யலாமா என்று கேட்டால் "கேன்சல்". "இனிஷியலைஸ்" செய்யலாமா என்று கேட்டாலும் "கேன்சல்".

6. ஒரு டிஸ்க் மட்டும் கெட்டு மற்றது ஓடினால், உடனே புது டிஸ்க் போட்டு "ரீபில்டு" கொடுக்க அவசரப்படாதீர்கள். ரீபில்டு என்றால் மிச்சமிருக்கும் டிஸ்க்கை முதலில் இருந்து கடைசி வரை இடைவிடாமல் படிக்கும் வேலை. அதுவும் அதே வயதுடையது. முதலில் அதில் உள்ள முக்கியமான பைல்களை வெளியே காப்பி செய்யுங்கள்.

7. மீட்கும் வேலையை ஒருபோதும் மூல டிஸ்க்கில் செய்யாதீர்கள். அதே அளவோ பெரியதோ ஆன இன்னொரு டிஸ்க்கில் நகல் எடுத்து, நகலில் வேலை செய்யுங்கள். இலவசமாகக் கிடைக்கும் டிடி ரெஸ்க்யூ நல்ல இடங்களை முதலில் படித்துவிட்டு, கெட்ட இடங்களுக்குக் கடைசியில் திரும்பி வரும். எது மூலம், எது நகல் என்பதை மாற்றிக் கொடுத்துவிட்டால் எல்லாம் அழிந்துவிடும். பழக்கம் இல்லாதவர்கள் தெரிந்த ஒருவரை அருகில் வைத்துக்கொள்ளுங்கள்.

8. நகல் கையில் இருந்தால் டெஸ்ட்டிஸ்க், போட்டோரெக் போன்ற இலவச சாஃப்ட்வேர்களை முயலலாம். போட்டோரெக் பைல்களை எடுத்துத் தரும், ஆனால் பழைய பெயர்களைத் தராது. கியூலாக்கர் தாக்கியபோது கியூனாப் நிறுவனமே போட்டோரெக்கை அடிப்படையாகக் கொண்ட ஒரு சாஃப்ட்வேரைத்தான் தன் வாடிக்கையாளர்களுக்குத் தந்தது. ரெய்டுக்கு ஆர்-ஸ்டுடியோ, யுஎஃப்எஸ் எக்ஸ்ப்ளோரர் போன்றவை உண்டு. இவற்றின் சோதனைப் பதிப்பிலேயே எந்தப் பைல்கள் வரும் என்று பார்த்துவிட்டுப் பிறகு பணம் கட்டலாம்.

ஒரு எச்சரிக்கை. என்கிரிப்ஷன் போட்ட பெட்டி என்றால் பாஸ்வேர்டோ கீ பைலோ இல்லாமல் யாராலும் எடுக்க முடியாது. அவற்றைப் பெட்டிக்குள்ளேயே சேமித்து வைக்காமல் தனியாக வையுங்கள்.

லேப் இருக்கிறதே என்பவர்களுக்கு

டேட்டா ரெக்கவரி லேபுகள் அற்புதங்கள் செய்வதுண்டு. 2003 பிப்ரவரி 1-ல் கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேருடன் கொலம்பியா விண்கலம் சிதறியது. அதன் சிதறல்களில் கிடைத்த, கருகிய ஒரு ஹார்ட் டிஸ்க்கில் இருந்து ஏறத்தாழ 99 சதவீத டேட்டாவை அமெரிக்காவின் கிரால் ஆன்ட்ராக் நிறுவனம் எடுத்துக் கொடுத்தது. அதில் இருந்த அறிவியல் சோதனையின் முடிவு 2008-ல் வெளியானது. தட்டுகள் பிழைத்திருந்ததும், டேட்டா சிதறாமல் ஒரே பகுதியில் இருந்ததும் உதவின.

விண்ணில் இருந்து விழுந்த டிஸ்க்கில் 99 சதவீதம் வந்தது. எங்கள் ஊர் மேஜை மேல் முழு பார்மட் ஆன டிஸ்க்கில் ஒரு பைல்கூட வரவில்லை. இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

மேலும் தூசி இல்லாத கிளீன் ரூம் வைத்திருக்கும் லேபுகள் சென்னை, பெங்களூரு போன்ற பெருநகரங்களில்தான். கட்டணம் ஒரு புது டிஸ்க்கின் விலையைப் போலப் பல மடங்கு ஆகலாம். வரும் என்ற உத்தரவாதமும் இல்லை. அந்தப் பணத்தில் ஒரு பகுதியை முன்பே செலவு செய்தால் லேபுக்கே போக வேண்டியதில்லை.

இரண்டாவது பிரதி எங்கே?

அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோ பிரபலப்படுத்திய 3-2-1 விதி எளிது. மொத்தம் மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனங்களில், அதில் ஒன்று வேறு இடத்தில்.

"வேறு இடம்" என்பதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். 2023 டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. ஒரே அலமாரியில் நாஸும் எக்ஸ்டர்னல் டிஸ்க்கும் இருந்தால் தண்ணீர் இரண்டையும் சேர்த்துத்தான் நனைக்கும். பெரிய அரசாங்கங்களுக்கும் இதே கதிதான். 2025 செப்டம்பர் 26-ல் தென்கொரியாவின் டேஜான் நகரில் அரசின் டேட்டா சென்டரில் தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் பைல்களைச் சேமித்து வந்த ஜி-டிரைவின் 858 டெராபைட் டேட்டா அழிந்தது. வெளியே பேக்கப் இல்லை.

கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே தமிழர்களுக்கு இந்தப் பாடம் கிடைத்திருக்கிறது. 1981-ல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டபோது, வேறு எங்காவது பிரதி இருந்த புத்தகங்களை மீண்டும் வாங்கி அடுக்க முடிந்தது. ஒரே பிரதியாக இருந்த ஓலைச்சுவடிகள் திரும்பவில்லை. டேட்டாவுக்கும் இதே கணக்குதான்.

உங்களுக்கு இது பெரிய செலவு அல்ல. நாஸில் ஒரு பிரதி. முக்கியமானவை மட்டும் ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில். ஸ்ரீவில்லிபுத்தூரில் இருப்பவர் அதை ராஜபாளையத்தில் அக்கா வீட்டு பீரோவில் வைக்கலாம். அக்கா வீட்டு டிஸ்க்கை இங்கே வாங்கி வைத்துக்கொள்ளலாம். மாதம் ஒருமுறை போகும்போது மாற்றிக்கொண்டால் போதும். சொத்துப் பத்திரம், சான்றிதழ், மிக முக்கியமான போட்டோக்கள் 15 ஜிபிக்குள் அடங்கும். அவற்றைக் கிளவுடிலும் போடுங்கள். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி கம்பெனி நடத்துபவர் என்றால் டேலி பேக்கப்பைத் தினமும் ஒரு பென் டிரைவில் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோகலாம். வேலை முடிந்ததும் எக்ஸ்டர்னல் டிஸ்க்கைக் கட்டாயம் கழற்றிவிடுங்கள். மாட்டியே இருந்தால் வைரஸ் அதையும் பூட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதில் பத்து பைல்களைத் திறந்து பாருங்கள். திறக்காத பேக்கப், பேக்கப் ஆகாது.

தேதியை அச்சிடட்டும்

கடைசியாக, கம்பெனிகளுக்கும் ஒரு வார்த்தை. எங்கள் ஊர் பால்கோவா டப்பாவில்கூட எத்தனை நாளைக்குள் சாப்பிட வேண்டும் என்று அச்சிட்டிருக்கிறது. ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கும் நாஸ் பெட்டியின் மேல், எந்த ஆண்டு வரை பாதுகாப்பு அப்டேட் தருவோம் என்று ஏன் அச்சிடக் கூடாது? மை புக் லைவ் வாங்கியவர்களுக்கு அந்தத் தேதி தெரிந்திருந்தால், 2021-க்குள் பலர் அதை இன்டர்நெட்டில் இருந்து கழற்றியிருப்பார்கள். பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் இப்படி அறிவிப்பது சட்டப்படி கட்டாயம். ஐரோப்பிய யூனியன் கொண்டுவந்த சைபர் சட்டத்தின் முக்கிய விதிகள் 2027 டிசம்பரில் நடைமுறைக்கு வருகின்றன. நம் நாட்டிலும் அட்டைப் பெட்டியிலேயே தமிழ் உள்ளிட்ட மொழிகளில் இந்தத் தேதியை அச்சிடச் சொல்ல வேண்டும். அதுவரை வாங்கும் முன் கடைக்காரரிடம் கேளுங்கள். அவருக்குத் தெரியாவிட்டால் கம்பெனியின் இணையதளத்தில் பாருங்கள். தேதி கிடைக்காத மாடலை விட்டுவிடுங்கள்.

நாஸ் வாங்கப் போகிறீர்களா? அதற்கான பட்ஜெட்டில் ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கையும் சேர்த்து எழுதுங்கள். இரண்டுக்கும் பணம் போதாது என்றால் எக்ஸ்டர்னல் டிஸ்க்கை முதலில் வாங்குங்கள். நாஸ் அடுத்த ஆண்டு வரை காத்திருக்கலாம்.